கோழியிடம்கூடப் பேச்சில்லை

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் கோழிக்குத்தான் வேலை அதிகம்.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் ராஜபாளையம் பக்கம் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் பேச்சு நின்றாலும் சோறு போட வேண்டும், கேஸ் தீர்ந்தால் சொல்ல வேண்டும். அதற்கு நடுவில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. சில வீடுகளில் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா, அவர் வீட்டுக்காரர் இருந்த காலத்தில், டிவியைப் பார்த்துச் சொல்வார். செய்தி வாசிக்கிற பெண்ணிடம் "ரசம் சூடா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். எங்கள் வீட்டில் கோழி.

"ஏட்டி, சோறு எடுத்து வச்சாச்சு. சாப்பிடுறவிய வந்து சாப்பிடலாம்னு சொல்லிரு" என்று நான் முற்றத்தில் மேய்கிற கோழிக்குச் சொல்வேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற இவர், "பசிச்சா வருவாவளாம், ஒண்ணும் அவசரம் இல்லியாம்" என்று அதே கோழிக்குச் சொல்லி அனுப்புவார். கோழி பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். அதிகம் போனால் மூன்று நாள். அதற்குள் இரண்டு பேரில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தவர் தோற்றவர், அன்றைக்கு அவர்தான் தேங்காய் துருவ வேண்டும். அனேகமாகத் தோற்றது நான்தான்.

போன வருஷம் இவர் கோழியிடமும் பேசவில்லை.

இவர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். இரைச்சலுக்குள்ளேயே வாழ்ந்தவர்களுக்குத் தொண்டை பெரிது. எங்கள் வீட்டில் ரகசியம் பேசினால் கடைக்கோடி வீட்டில் பதில் சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு தெருவில் யார் வீட்டு மிக்ஸி, மோட்டார், மாவு அரைக்கிற கிரைண்டர் என்றாலும் இவர்தான். எனக்கு வேலை நைட்டி தைப்பது. கம்பெனிக்காரர்கள் வெட்டிய துணியைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள், தைத்துக் கொடுக்க வேண்டும். என் தையல் மிஷின் நூலை அறுத்தால் இவர் வந்து பார்த்துவிட்டு, "மிஷினுக்கு ஒண்ணும் இல்லட்டி, நீ அத மிரட்டி வச்சிருக்க" என்பார். அப்படித் தொட்டதற்கெல்லாம் ஏதாவது சொல்கிற மனிதர்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மீதியெல்லாம் பொட்டலம் மடித்து வந்த தாள்களிலும், மிஷினுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறவர்களின் வாயிலும் படித்தது. யார் எதைச் சொன்னாலும் அதைச் சொன்ன மாதிரியே திருப்பிச் சொல்லிவிடுவேன். இவர் சொன்னவற்றைத்தான் அதிகம் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்தப் பேச்சு நின்றபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை. கோபம்தான். என்மேல் என்னவோ வருத்தம், வீம்பு பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆகவே நானும் வீம்பு பிடித்தேன். அவர் பேசட்டும் முதலில் என்று கோழியிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். வாரங்கள் போயின. கோழிக்குச் சொல்லி அனுப்பிய எதற்கும் பதில் வரவில்லை.

அப்புறம்தான் குழப்பம் ஆரம்பித்தது. சண்டை எதற்கு என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

சண்டை போட்டால் காரணம் தெரியாமல் இருக்குமா? வயதாகி எனக்குத்தான் மறதி வந்துவிட்டதோ என்று தோன்றியது. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எங்கள் கோயிலில், சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வோம், எல்லோருக்கும் சமைத்துப் போடுகிற அசன விருந்து நடக்கும்போது வருஷா வருஷம் பெரிய அண்டாவைக் கிண்டுவது இவர். போன தடவை வாலிபர் சங்கத்துப் பையன்கள், "தாத்தா, நீங்க செத்த உக்காருங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள். அதைப் பார்த்து நான் சிரித்தேன். அதுவாக இருக்குமோ? அல்லது ஐயரம்மாவிடம், பாதிரியார் வீட்டம்மாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், இவர் குறட்டையைப் பற்றிச் சொன்னேனே, அது காதில் விழுந்திருக்குமோ? முருங்கை மரத்தை இவர் வெட்டக் கூடாது என்று சொல்லியும் ஆள் வைத்து வெட்டினேனே, அதுவோ?

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன், கோழி வழியாக.

"ஏட்டி, அசனத்துல நான் சிரிச்சது கேலிக்கு இல்ல, நாற்காலி ஒரு கால் ஆடுச்சு, அதப் பாத்துச் சிரிச்சேன்னு சொல்லிரு." பதில் இல்லை. மறுநாள், "முருங்கையில கம்பளிப்பூச்சி எம்புட்டு இருந்துச்சுன்னு நீயே பாத்தேல்லா, நீ சொல்லு." பதில் இல்லை. குறட்டை விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என்னென்னவோ சொல்கிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்கிற பார்வை. அதில் கோபத்தைத் தேடினேன். இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

தினம் சவரம் செய்கிறவர் தாடி வளர விட்டிருந்தார். சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து ஓரத்தில் ஒதுக்கினார். யாராவது மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தால், "பொறவு பாப்போம்" என்று கையைக் காட்டி அனுப்பினார். மில்லில் இரைச்சலில் பேச முடியாது என்பதால் எல்லாவற்றுக்கும் கைச்சாடை உண்டு. வீட்டிலும் சமயத்தில் அதைச் செய்வார். ஆகவே காது மந்தமாகிவிட்டதோ, அதனால்தான் பேச்சு குறைந்ததோ என்றும் ஒரு நாள் நினைத்தேன். முதுகுக்குப் பின்னால் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தேன். திடுக்கிட்டுத் திரும்பினார். காது நன்றாகத்தான் இருந்தது. தட்டில்தான் நசுங்கல் விழுந்தது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எனக்கு அறுபத்தைந்து தாண்டியும் என்னை "அம்மாயி" என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் பேச்சில் சின்னப் பெண் என்று அர்த்தம்.

"அம்மாயி, இதுக்கா நீ கண்ணக் கசக்குற? ஆம்பிளைக்கு வயசானா வாய் அடங்கிரும். எங்க வீட்டுல அது நடக்கவே இல்ல. கடைசி நாள் வரைக்கும் ரசத்துல உப்புன்னுக்கிட்டே போனாரு. நீ கொடுத்து வச்சவ, பேசாம இரு."

"அக்கா, அவிய சாப்பிடவும் மாட்டேங்காவ."

"உன் சமையலுக்கு இம்புட்டு வருஷம் தாக்குப்பிடிச்சதே பெருசு."

சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் வந்ததும் சிரித்தது எதற்கு என்று தெரியவில்லை. எனக்கும் அன்றைக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

பிறகு சேத்தூரிலிருந்து இவர் தம்பி வந்தார். விவசாயம் பார்க்கிறவர். பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் முற்றத்திலேயே நின்று, குரலைத் தணித்துக் கேட்டார்.

"மைனி, அண்ணன் எங்க?"

"உள்ள படுத்திருக்காவ. என்ன தம்பி?"

"முந்தாநாள் அண்ணன் பஸ்ஸேறி எங்க வீட்டுக்கு வந்தாவ. ஸ்பேனர் பெட்டி, டெஸ்டர், ட்ரில் மிஷின் எல்லாத்தையும் கொண்டாந்து எங்கிட்டத் தந்துட்டாவ. 'வச்சுக்க, இனி எனக்கு என்னத்துக்கு'ன்னாவ. ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. நான் ட்ரில்லத் தொட்டா கையத் தட்டி விடுற மனுசன். என்ன மைனி சமாச்சாரம்? ஒங்களுக்குள்ள என்னமும் பிரச்சினையா?"

அன்றைக்கு இவர் சொல்லாமல் வெளியே போனதும், சாயங்காலம் வெறுங்கையோடு வந்து படுத்ததும் எனக்குத் தெரியும். எங்கே போனார் என்று கோழியைக் கேட்டேன், அவ்வளவுதான். பெட்டி போனதை நான் பார்க்கவே இல்லை.

"இனி எனக்கு என்னத்துக்கு" என்பது சாதாரணப் பேச்சு. நானே பழைய சேலையைக் கொடுக்கும்போது சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வார்த்தை இவர் வாயிலிருந்து வந்தது என்பதுதான் எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. இவர் எங்கேயோ கிளம்புகிற மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிக்கப் பயமாக இருந்தது. தம்பியிடம், "ஒண்ணும் இல்ல தம்பி, வயசாயிட்டுல்லா" என்று சொல்லி அனுப்பினேன். அப்படி ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அந்த வாரத்தில்தான் வீடு வீடாகப் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற பிள்ளை வந்தாள். வழக்கமாக இவர் அவளைக் கேலி பண்ணுவார். "ஏட்டி டாக்டரு, எனக்கு இன்னும் எத்தன கிலோமீட்டர் ஓடும்?" என்பார். அன்றைக்குக் கையை நீட்டினார், மாத்திரையை வாங்கிக்கொண்டார், உள்ளே போய்விட்டார். அவள் பெட்டியை மூடாமல் என்னைப் பார்த்தாள்.

"தாத்தா எப்பருந்து இப்படி இருக்காரு பாட்டி?"

"எம்மேல கோவமா இருக்காவ."

"என்ன கோவம்?"

"அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

அவள் சில கேள்விகள் கேட்டாள். தூங்குகிறாரா? விடியுமுன்னே விழிக்கிறாரா? முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்காமல் போயிருக்கிறதா? பொருள்களை யாருக்காவது கொடுத்தாரா? கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் முந்தானையைச் சுருட்டினேன். அவள் புரிந்துகொண்டாள்.

"பாட்டி, இது கோவம் மாதிரி தெரியல. சுகர் மாதிரி, பிரஷர் மாதிரி, இதுவும் ஒரு நோயா இருக்கும். வயசானவங்களுக்கு வரும். வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. மனநல டாக்டரப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க."

கோபமாக இருந்தால் மன்னிப்புக் கேட்கலாம். நோய் என்றால் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அதுவும் மனநல டாக்டர். எங்கள் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார். போனால் வாசலில் செருப்பைப் பார்த்தே யார் வீட்டுக்காரர் என்று சொல்லிவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் யாருக்கும் தெரியாது. ஜவுளி எடுக்க, பால்கோவா வாங்க என்று ஆயிரம் சொல்லலாம்.

ஊர் முடிவாகிவிட்டது. இவரை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் பெரிய கேள்வி. நீங்கள் நோயாளி, வாங்க போவோம் என்றால் வருகிற ஆளா? கல்யாணமான நாளிலிருந்து இவர் ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் எனக்குத் துணையாகத்தான். அதிலிருந்துதான் எனக்கு யோசனை வந்தது.

மறுநாள் காலையில் முற்றத்தில் நின்று கோழியிடம் சொன்னேன். "ஏட்டி, எனக்கு மனசே சரியில்ல. ஸ்ரீவில்லிபுத்தூருல ஒரு டாக்டரப் பாக்கணும். தனியாப் போறதுக்குப் பயமா இருக்கு. யாரும் வந்தா வரட்டும், வரலேன்னா நான் போறேன்."

பிறகு உள்ளே பீரோக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை மாற்றிப் போட்டபடி வாசலில் வந்து நின்றார்.

பஸ்ஸில் இடப்பக்கம் மலை கூடவே வந்துகொண்டிருந்தது. இவர் அதைப் பார்க்கவில்லை. வளைவு வந்தபோது என் முன்னால் கம்பியில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டார், நான் சாய்ந்துவிடக் கூடாது என்று. கல்யாணமான புதிதிலிருந்து வைக்கிற கைதான். எனக்குக் குழப்பம் இன்னும் கூடியது. என்மேல் ஒரு வருத்தமும் இல்லாதவர் கை மாதிரி இருந்தது. அப்படியானால் இத்தனை நாளாக நான் யாரோடு பேசாமல் இருந்தேன்?

ஆஸ்பத்திரி ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில். படியேறி உள்ளே போனால் பெஞ்சில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் பால்கோவா டப்பா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"பால்கோவா வாங்க வந்தேன், அம்மாயி" என்றார் அக்கா.

"மாடியிலயா அக்கா விக்காவ?"

"கீழ ஒரே கூட்டம்."

இவர் உதட்டோரம் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. சிரிப்பா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அக்கா மெல்ல என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரர் போனதிலிருந்து தூக்கம் இல்லை என்றும், ரொம்ப நாளாக இங்கேதான் வந்துகொண்டிருப்பதாகவும், ஒவ்வொரு தடவையும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போவதால் தெருவில் எல்லோரும் தன்னைப் பால்கோவாப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள் என்றும் சொன்னார். "நெனச்சுட்டுப் போறாங்க. இந்தப் பைத்தியம் பரவாயில்ல" என்றார். கொடுத்து வச்சவ, பேசாம இரு என்று அன்றைக்குச் சொன்னதும் இதே அக்காதானே என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். அதைக் கேட்க மனம் வரவில்லை.

டாக்டர் இளவயதுப் பெண். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார். இவர் என்னைக் காட்டினார்.

நான் வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். இவரைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவைதான் எல்லாம். "தூக்கம் வர மாட்டேங்கு டாக்டர். விடியக்காலமே முழிப்புத் தட்டிருது. பொறவு எந்திரிக்கவும் மனசில்ல, கெடக்கவும் முடியல. சோறு வாயில வச்சா மண்ணு மாதிரி இருக்கு. யார்கிட்டயும் பேசப் பிடிக்கல. கையில வேல எடுத்தா ஓட மாட்டேங்கு." சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு நடுவில் அழுகை வந்துவிட்டது. அழுது காட்டுகிற அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் கிடையாது. வீட்டில் நைட்டித் துணிக் கட்டு வாரக்கணக்கில் பிரிக்காமல் கிடப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் அவர் நோயைச் சொல்கிறேனா, என் நோயைச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது.

டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "ஐயா, கூட இருக்கிறவர் நீங்க. அம்மாவுக்கு எப்படி இருக்கு? நீங்க சொல்லுங்க."

இவர் பேச மாட்டார் என்றுதான் நினைத்தேன். தொண்டையைச் செருமினார். எவ்வளவோ நாளாக ஓடாத மோட்டாரைப் போட்டது மாதிரி ஒரு சத்தம்.

"சாப்பிடுறதில்ல டாக்டர். எனக்கு எடுத்து வைப்பா. நான் ஒதுக்கிட்டேன்னா அவளும் மூடி வச்சிருதா. கோழிகிட்டப் பேசிட்டே இருக்கா. என்னென்னத்துக்கோ மன்னிப்புக் கேக்கா, முருங்க மரம்ங்கா, நாற்காலிங்கா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ராவெல்லாம் பொரண்டுக்கிட்டே கெடக்கா. நான் முழிச்சுத்தான இருக்கேன், எனக்குத் தெரியும்லா."

"நீங்க ஏன் ஐயா முழிச்சிருக்கீங்க?"

இவர் மேஜை விளிம்பைத் தடவினார். நான் நடுவில் ஏதாவது சொல்லப் போக, டாக்டர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். காத்திருந்தோம். கீழே ரோட்டில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

"தெரியல" என்றார் இவர். "அதான் தெரியல. கோவம் இல்ல, வருத்தமும் இல்ல. ஒண்ணுமே இல்ல. மில்லுல கரண்டு போனா எல்லா மிஷினும் நிக்கும்லா, அப்ப ஒரு அமைதி இருக்கும். அப்படி இருக்கு. என்னன்னு போய்ச் சொல்ல?"

டாக்டர் நேராகவே கேட்டார். "வாழ்ந்தது போதும், செத்துட்டா தேவலன்னு நினைப்பு வருதா?"

எங்கள் வீடுகளில் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம். சொன்னாலே வந்துவிடும் என்று பயம். டாக்டர் வாயை மூடவா, என் காதை மூடவா என்று இருந்தது எனக்கு.

"வரும்" என்றார் இவர். "போகும். இப்ப கொஞ்ச நாளா அடிக்கடி வருது."

"சொன்னீங்களே, அது ரொம்ப நல்லது ஐயா" என்றார் டாக்டர். பிரஷர் எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. நோய் என்றார், வைத்தியம் இருக்கிறது என்றார். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது என்றார். மாத்திரைகள் என் கையில் இருக்க வேண்டும், இவரைத் தனியாக விடக் கூடாது, தம்பியிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், நினைப்பு கூடினால் நாள் பார்க்காமல் உடனே வர வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் என் மனம் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"எம்மேல கோவம் இல்லியான்னு கேளுங்க டாக்டர்."

"நீங்களே கேளுங்கம்மா. பக்கத்துலதான இருக்காங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. திரும்பினேன். மாதக்கணக்கில் அவர் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது.

"எம்மேல கோவம் இல்லியா?"

"உம்மேல என்னட்டி கோவம்" என்றார். "நீதான் எங்கூடப் பேசலன்னு நான் நெனச்சேன்."

அவர் நோயில் பேசாமல் இருந்தார். நான் அதைச் சண்டை என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். அவர் அதைப் பார்த்து என்ன நினைத்தாரோ. யார் முதலில், யாரால் யாருக்கு என்று பிரித்துப் பார்க்கப் பார்க்க நூல்கண்டு சிக்கலாகிறது. இதற்கெல்லாம் காரணம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதானா என்று டாக்டரிடம் கேட்டேன். "ஒரே காரணம்னு சொல்ல முடியாதும்மா, பல சமயம் காரணமே இல்லாமலும் வரும்" என்றார். காரணம் இல்லாமல் ஒன்று வரும் என்பதைத்தான் என்னால் இன்னமும் நம்ப முடியவில்லை. என் மாதிரி ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் சொன்ன சொல் காரணமாக இருந்தாக வேண்டும்.

இரண்டு பேருக்குமே சீட்டு எழுதினார். எனக்கு மாத்திரை இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், காலையில் வெயில் படும்படி நடக்க வேண்டும், நான் துணிக் கட்டைப் பிரிக்க வேண்டும், அடுத்த வாரம் நானும் வந்து தனியாகப் பேச வேண்டும். இன்னொன்றும் சொன்னார். நாளுக்கு ஒரு தடவை, உள்ளே எப்படி இருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டும். சாப்பிட்டீங்களா என்பது கணக்கில் சேராது என்றார்.

அது எளிதாக இல்லை. எங்கள் பக்கம் பாசம் என்றாலே சாப்பாட்டை விசாரிப்பதுதான். உள்ளே எப்படி இருக்கு என்று கேட்க ஒரு வாக்கியம்கூட எங்களிடம் தயாராக இல்லை. முதல் நாள், "உள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு, "எதுக்குள்ள? அடுப்படியிலயா?" என்றார். கேலியா, நிஜமாகவே கேட்டாரா, தெரியவில்லை. சில நாள் "பாரமா இருக்கு" என்பார். சில நாள் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டுவார், எந்தப் பக்கம் ஆட்டினார் என்று நான் யோசித்துக்கொண்டே கூட நடப்பேன். மாத்திரை ஆரம்பித்துப் பல நாள் வரை ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஒரு காலையில் சவரம் செய்திருந்தார். சந்தோஷப்பட்டேன். மறுநாள் படுக்கையை விட்டு எழவில்லை. இனி என்ன என்று பயந்தேன். அதற்கு மறுநாள் எழுந்து நடக்க வந்தார். மேடா பள்ளமா என்று தெரியாத ரோட்டில் போகிற மாதிரிதான் இருந்தது. தம்பி இரண்டு நாளைக்கொரு முறை வந்து, மழையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேசுகிற சாக்கில் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். தன் முறைக்கு இவரும் கேட்பார், "உனக்கு எப்படி இருக்கு?" என்று. நான் உடனே, "எனக்கென்ன" என்பேன். "அது கணக்குல சேராது" என்பார்.

இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். அக்காவும் நாங்களும் ஒரே பஸ்ஸில் போகிறோம், டப்பா ஒன்று போதும் என்று முடிவாகியிருக்கிறது. தெருவில் கேட்கிறவர்களிடம் அக்கா இப்போது பட்டென்று சொல்லிவிடுகிறார், "மனசு டாக்டர்கிட்டப் போறோம். நீயும் வாரியா?" என்று. எனக்கு அந்தத் தைரியம் இன்னும் முழுசாக வரவில்லை.

இன்று காலை அய்யனார் கோவில் ரோட்டில் தென்னந்தோப்பு வரை நடந்தோம். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. இவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார், நான் எட்டிப் பிடித்துக் கேட்டேன்.

"இன்னைக்கு உள்ள எப்படி இருக்கு?"

இரண்டு பைக்குகள் எங்களைத் தாண்டிப் போயின.

"நேத்து மாதிரி இல்ல."

"நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"அதான் தெரியல."

"தெரியலன்னா எப்படி? நான் என்னன்னு எடுத்துக்கிட?"

இவர் நின்றார். ஓரமாக ஒதுங்கி எனக்கு இடம்விட்டு, நான் பக்கத்தில் வந்த பிறகு மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

"நாளைக்குச் சொல்லுதேன்ட்டி" என்றார். "நட."